அரைக் கிண்ணச் சம்பந்தி

பத்மாவதிக்கு அந்தப் பம்பாய் டாக்டர் மேல் இருந்த கோபம் ஆறு மாதம் ஆகியும் அடங்கவில்லை. கத்தி பட்டது என்னவோ அவள் புருஷன் வேங்கடசாமியின் வயிற்றில்தான். ஆனால் வெட்டுப்பட்டது தன் சமையலறை என்றே அவள் நினைத்தாள். பீளமேட்டில் அவள் பந்திக்கு ஒரு பெயர் இருந்தது. மத்தியானம் அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் அன்று ராத்திரி அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். அதை அவளே நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவளின் புருஷன், பம்ப் கம்பெனி முதலாளி, பம்பாய்க்குப் போய்க் காசு கொடுத்து, இனிமேல் சோறு இறங்காதபடி வயிற்றைத் தைத்துக்கொண்டு வந்தால் அவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

காரணம் இல்லாமல் அவர் போகவில்லை. தொண்ணூற்றாறாம் வருஷம் ஆயுத பூஜையன்று, கம்பெனியில் பம்ப் எடை போடும் மேடையில் விளையாட்டாக ஏறி நின்றார். முள் நூற்று முப்பத்தெட்டில் போய் நின்றது. சர்க்கரை இருந்தது, ரத்தக் கொதிப்பு இருந்தது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. கோயமுத்தூர் டாக்டர்கள் எல்லாரும் வாயைக் கட்டச் சொன்னார்கள். அவரும் கட்டினார். இரண்டு நாள் கட்டினார். மூன்றாம் நாள் பத்மாவதி அவிழ்த்துவிட்டாள்.

பம்பாய் டாக்டர் ஒரு படம் போட்டுக் காட்டினார். இரைப்பையின் மேல் பக்கத்தைச் சின்னப் பையாகப் பிரித்து, வரிசையாகப் பின் அடித்து, அதன் வாயில் ஒரு பட்டையையும் மாட்டிவிடுவாராம். அப்புறம் வயிறு அரைக் கிண்ணம்தான் கொள்ளுமாம். வேங்கடசாமிக்கு ஒரே தடவையில் விளங்கிவிட்டது. "வால்வைச் சின்னதாக்கறீங்க, அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பத்மாவதி அழுதுகொண்டே பக்கத்தில் நின்றாள்.

தைத்துக்கொண்டு திரும்பியபோது கையில் ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். முதல் இரண்டு வாரம் வடிகட்டிய சூப், மோர்த் தெளிவு, பருப்புத் தண்ணீர். ஒரு தடவைக்கு முப்பது மில்லி. அப்புறம் மசித்தது. அப்புறம் மெத்தென்று வெந்தது. எப்போதும் முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் சோறு. ஒவ்வொரு வாயையும் இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது; முன்னும் பின்னும் அரை மணி நேரம் ஆக வேண்டும். நிறைந்தது என்று தோன்றிய அந்த வாயோடு நிறுத்திவிட வேண்டும். கடைசி வரியைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள்: மீறி அமுக்கினால் வாந்தி, வலி, தையல் விட்டால் உயிருக்கே ஆபத்து. பத்மாவதி தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ருசி என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை.

ஆனால் அவள் தாளில் இருந்த அளவை மீறவில்லை. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் அளந்துதான் கொடுத்தாள். இரண்டாவது மாதம் எடை ஒரு கிலோ கூடக் குறையாமல் அடம்பிடித்தபோது பம்பாயிலிருந்து டயட்டீஷியன் அம்மாள் போன் செய்தாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழம்மாள்.

"என்ன குடுக்கறேள் அவருக்கு?"

"நீங்க எழுதிக் குடுத்த மாதிரியேதானுங்க. முப்பது மில்லி. ஒரு சொட்டு சேத்திக் கிடையாதுங்க."

"எதுல முப்பது மில்லி?"

"பாதாங்கீருங்க. மத்தியானம் எளநிப் பாயசம். சாயங்காலம் ஐஸ்கிரீமை உருக்கிக் குடுத்துருவேன். கொஞ்சமாத்தான் எறங்குதுன்னா அந்தக் கொஞ்சத்துல சத்து வேணுமுங்களே?"

"எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை?"

"கால் மணிக்கு ஒருக்காங்க."

அந்த அம்மாள், இனிப்பும் திரவமும் தையலைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்விடும், பிறகு வயிற்றைத் தைத்து என்ன பயன் என்று ஆரம்பித்து, பத்து நிமிஷம் திட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேங்கடசாமிக்கு எல்லாம் காதில் விழுந்தது. "அந்த டாக்டரு அணை கட்டுனாரு. இவ சொட்டு நீர்ப் பாசனம் போட்டுட்டா" என்றார். அன்றிலிருந்து தன் கிண்ணத்தைத் தானே எடுத்து வைத்துக்கொண்டார். முட்டை வெள்ளை, பச்சைப்பயறு கடைசல், கட்டித் தயிர், வேகவைத்த மீன். சாப்பிட்டு முடித்தவுடன் கிண்ணத்தையும் தானே கழுவினார். அதுதான் பத்மாவதியை மிகவும் சுட்டது. அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். சண்டை என்றால் மட்டும் தமிழுக்கு மாறிக்கொள்வார்கள். அந்த ஆறு மாதமும் வீடு முழுக்கத் தமிழாகவே ஓடியது.

எடை நூற்றிரண்டுக்கு வந்தது. மாடிப்படி ஏறினார், மூச்சு விட்டுத் தூங்கினார், சர்க்கரை மாத்திரை பாதியானது. இதெல்லாம் பத்மாவதிக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. ஊருக்கு அவள் சொல்லியிருந்தது அல்சர்.

நோய் என்றால் மரியாதை உண்டு. தின்று தின்று தாங்காமல் வயிற்றைத் தைத்துக்கொண்டார் என்றால் ஊர் சிரிக்கும். சிரித்து முடித்தபின், அப்படித் தின்ன வைத்தவள் யார் என்று அடுத்த கேள்வி கேட்கும். அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் அவள் அல்சரைக் கண்டுபிடித்தாள். நலம் விசாரிக்க வந்தவர்கள் மணத்தக்காளி வத்தலும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். நாலாவது மாதம் அவருக்கு முடி கொட்டியது. சட்டை தோளில் தொங்கியது. புரதம் போதாவிட்டால் அப்படித்தான் கொட்டும், பிறகு முளைத்துவிடும் என்று டயட்டீஷியன் சொல்லியிருந்தாள். அதை ஊரிடம் சொல்ல முடியுமா? பீளமேட்டில் அல்சராகப் புறப்பட்டது சிங்காநல்லூர் போய்ச் சேர்வதற்குள் கேன்சர் ஆகிவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் மகள் பிந்துவுக்கு வரன் வந்தது. வந்தது என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பையன் நந்தகோபாலும் அவளும் வேளாண்மைக் கல்லூரியில் முன்னும் பின்னுமாகப் படித்தவர்கள். சாதி ஒன்று, கோத்திரம் வேறு, ஜாதகமும் பொருந்திவிட்டது. ஆகவே காதலை மட்டும் மறைத்துவிட்டு, தூரத்துச் சொந்தக்காரர் ரங்கராஜை நடுவில் விட்டுப் பேசினார்கள். பையன் வீடு கிணத்துக்கடவு. தென்னந்தோப்பும் நார் மில்லும். அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெண் பிடித்தது. பெண்ணின் அப்பாவைப் பார்த்துத்தான் பயந்துபோனார்கள்.

ரங்கராஜ் வந்து சொன்னார். "பையனோட அப்பா லட்சுமணசாமி வெளிப்படையாவே கேட்டுட்டாருங்க அக்கா. பொண்ணோட அப்பனுக்குப் பெரிய வியாதின்னு பேசிக்கறாங்களே, அது நாளைக்குப் பேரன் பேத்திக்கும் வராதான்னு. டாக்டர் சர்ட்டிபிகேட்டெல்லாம் அவரு நம்பறதில்லீங்க. 'கை நனைக்க வருவாரல்லோ, நம்மூட்டு எலையில உக்காந்து ஒரு நேரம் திருப்தியாச் சாப்பிடட்டும், எனக்கு அது போதும்'ங்கறாரு."

கை நனைப்பது என்றால் சம்பந்தம் உறுதி. பேச்சு முடியாத வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் பிறகு யாரும் பேச்சு மாற மாட்டார்கள். சாப்பிடாமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

"நெசத்தைச் சொல்லிப்போடலாம்மா" என்றாள் பிந்து.

"சொன்னா கண்ணாலம் நின்னு போயிரும் கண்ணு. சோத்துக்குப் பயந்து வயித்தைத் தெச்சவன் ஊட்டுல யாரு பொண்ணெடுப்பாங்க?"

"சொல்லாமப் போனா அப்பா அங்க என்னத்தச் சாப்புடுவாரு?"

"சனிக்கெழமை போலாம். பெருமாளுக்கு ஒருசந்தி வெரதம்னு சொல்லிக்கலாம்."

பிந்து அம்மாவைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. ஏற்கெனவே நாலு வரன்களைத் தட்டிக்கழித்துவிட்டு இந்த ஒருவனுக்காகக் காத்திருந்தவள் அவள். ராத்திரியெல்லாம் அழுதிருந்தாள் என்பது கண்ணிமையிலேயே தெரிந்தது. வேங்கடசாமி மகளின் தலையில் கை வைத்தார். "ஒரு நேரந்தானே கண்ணு. உனக்காக அப்பன் சாப்புட மாட்டனா?" என்றார். பத்மாவதிக்கு அந்தச் சிவப்பு மை வரி ஞாபகம் வந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

ஆனி மாதத்துச் சனிக்கிழமை, பிந்துவை வீட்டில் விட்டுவிட்டுக் கிணத்துக்கடவுக்குப் போனார்கள். ஒருசந்தி என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியது வீணாகப் போயிற்று. லட்சுமணசாமி அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. பெருமாளுக்கு ஆகாத வெங்காயம் பூண்டை மட்டும் நீக்கிவிட்டு, இருபத்திரண்டு வகை செய்து வைத்திருந்தார். இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகை, தேங்காய்ப்பால், அரசாணிக்காய்ப் பொரியல், அவரைக்காய், பூசணிக்காய் மோர்க்குழம்பு, வெல்லக் கச்சாயம், பருப்பு ஒப்பட்டு என்கிற போளி. தோப்பிலேயே அறுத்த தலைவாழை இலை, குழந்தையைப் படுக்கவைக்கிற நீளம். ஆண்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். லட்சுமணசாமி வேங்கடசாமிக்கு நேர் எதிரில் தன் இலையைப் போடச் சொன்னார். பத்மாவதி சமையலறை வாசலில், பையனின் அம்மா ராமாமணியின் பக்கத்தில் நின்றுகொண்டாள். அங்கிருந்து புருஷன் இலை நன்றாகத் தெரிந்தது.

வேங்கடசாமி முதலில் புரதம் தேடினார். பருப்பில் இரண்டு விரல் அளவு எடுத்து வாயில் போட்டு மென்றார். பத்மாவதி மனதுக்குள் எண்ணினாள். பத்து, பதினைந்து, இருபது. பந்தியில் மற்றவர்கள் சந்தகையை முடித்துக்கொண்டிருந்தார்கள்.

லட்சுமணசாமி கையை நிறுத்தினார். "ஏனுங்க, பருப்புல கல்லு ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

"இல்லீங்க, இல்லீங்க. ருசி பாக்கறனுங்க."

ராமாமணியின் முகம் விழுந்துவிட்டது. "நானே மொறத்துல போட்டுப் பொடைச்சேனுங்க்கா" என்று பத்மாவதியின் காதில் சொன்னாள்.

அடுத்த வாய்க்கும் இருபத்தைந்து. இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பை வேங்கடசாமி தள்ளி வைத்தார். வீட்டில் தினமும் செய்வதுதான்; கை தானாகப் போயிற்று. லட்சுமணசாமிக்குப் பக்கத்தில் இருந்த பங்காளி ஒருவர் முழங்கையால் இடித்தார். "தண்ணி கூடத் தொடறதில்லையே மாமா" என்று அவர் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. வேண்டாத வீட்டில்தான் தண்ணீரைத் தள்ளி வைப்பார்கள். தாளில் இருந்த மருத்துவம் ஒவ்வொன்றும் அந்தக் கூடத்தில் ஓர் அவமரியாதையாக மாறிக்கொண்டிருந்தது.

ஆறாவது வாயில் வேங்கடசாமி நின்றார். அவர் நெஞ்சைத் தடவிய விதத்திலேயே பை நிறைந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இலையில் இருபது வகை அப்படியே இருந்தது.

"என்னுங்க, நம்மூட்டுச் சாப்பாடு புடிக்கலீங்களா?" லட்சுமணசாமி மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் பந்தி முழுவதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. அவர் இன்னும் ஒரு தடவை கூடச் 'சம்பந்தி' என்று சொல்லவில்லை என்பதைப் பத்மாவதி கவனித்திருந்தாள்.

வேங்கடசாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு கைப்பிடி சந்தகையை அள்ளி வாயில் போட்டார். மென்றாரோ இல்லையோ, விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. வாயில் ஊறிய எச்சிலைத் துண்டால் துடைத்துவிட்டு, மறுபடியும் கையை இலைக்குக் கொண்டுபோனார். மகளுக்காக அந்த மனிதர் அங்கேயே செத்துப்போகவும் தயாராக இருந்தார். பத்மாவதி அதைப் பார்த்தாள். பிந்து அழுத முகமும் அந்தச் சிவப்பு வரியும் ஒன்றாக வந்து நின்றன. அல்சர் என்று அவள் சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான் அவர் விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

ஆண்கள் பந்திக்கு நடுவில் போய் நின்று புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதுமுங்க. விடுங்க." பிறகு லட்சுமணசாமியைப் பார்த்தாள். "இவருக்கு அல்சர் இல்லீங்க. நீங்க நெனைக்கற வியாதியும் இல்லீங்க. நாந்தானுங்க பொய் சொன்னேன். தின்னு தின்னு நூத்தி முப்பத்தெட்டுக் கிலோ ஆனாரு. அப்பிடி ஆக்கிப் போட்டதும் நாந்தேன். பம்பாய்ல போயி வயித்தைச் சின்னதாத் தெச்சுட்டு வந்தோம். இப்ப அரைக் கிண்ணந்தான் புடிக்கும். இதுக்கு மேல ஒரு வாய் போட்டாலும் உசுருக்கு ஆவாது."

மழை வரக் கூடாது என்று கோயிலுக்கு நேர்ந்துகொண்டவனைப் பார்ப்பது போல லட்சுமணசாமி வேங்கடசாமியைப் பார்த்தார்.

"சோறு எறங்கக் கூடாதுன்னு நீங்களே டாக்டருக்குக் காசு குடுத்தீங்களா?"

"ஆமாங்க" என்றார் வேங்கடசாமி. சொல்லிவிட்டுச் சட்டையைத் தூக்கினார். மார்புக்குழியிலிருந்து தொப்புள் வரை தழும்பு ஓடியது. பந்தியில் இருந்தவர்கள் இலையைத் தாண்டி எட்டிப் பார்த்தார்கள். "தையல் கோணாம நேராப் போட்டிருக்கறான்" என்று அந்தப் பங்காளி பாராட்டினார்.

லட்சுமணசாமி தழும்பிலிருந்து கண்ணை எடுத்து இலையைப் பார்த்தார். "வியாதி இல்லேன்னு நம்பறனுங்க. இந்த மாதிரி ஒரு கதையை யாரும் பொய்யாச் சொல்ல மாட்டாங்க. ஆனா எலை இப்பிடிக் கெடக்குதுங்களே? பொண்ணோட அப்பன் இருவது வகையை மிச்சம் வெச்சுட்டு எந்திரிச்சாருன்னா, நாளைக்கு எங்க பங்காளிக என்ன பேசுவாங்க? வயித்தைத் தெச்ச கதையை நான் எத்தன பேருகிட்டங்க சொல்லீட்டிருப்பேன்?"

உயிரை விட இலை பெரிது. பத்மாவதிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் கேட்டிருப்பாள்.

"நகருங்க" என்றாள் புருஷனிடம்.

"என்ன அம்மணி?"

"நகந்து உக்காருங்கங்கறேன்." பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிடுவது காட்டுமிராண்டித்தனம் என்று லேடீஸ் கிளப்பில் மைக் பிடித்துப் பேசியவள் அவள். "தாலி கட்டுனவரு எலையில பொஞ்சாதி சாப்புட்டா, அது அவரு சாப்புட்ட கணக்குத்தானுங்களே? உங்க அம்மா அப்பிடிச் சாப்புட்டிருக்க மாட்டாங்களா?"

பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

பத்மாவதி சாப்பிட ஆரம்பித்தாள். கோபத்தில் சாப்பிட்டாள், வெட்கத்தில் சாப்பிட்டாள். அவரைக்காய் தன் கைப்பக்குவத்தை விட நன்றாக இருந்ததில் இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது. அரசாணிக்காய் முடிந்தது. மோர்க்குழம்பு முடிந்தது. கச்சாயம் இரண்டும் போயின. பதினாறாவது வகையில் மூச்சு முட்டியது. தள்ளி வைத்த செம்பை எடுத்து, எல்லாரும் பார்க்கத் தண்ணீர் குடித்தாள். பாயசத்தை வழித்தாள். கடைசியில் இலையில் வாழை நரம்பு மட்டும்தான் இருந்தது.

லட்சுமணசாமி எழுந்து வந்து வேங்கடசாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அப்பறம் என்னுங்க சம்பந்தி, ஆவணியிலயே முகூர்த்தத்தப் பாத்துப்போடலாமுங்க!" என்றார். பந்தியில் சிரிப்பும் பேச்சும் கிளம்பின. நந்தகோபால் பிந்துவுக்குச் சொல்லப் போனை நோக்கி ஓடினான்.

பத்மாவதிக்குக் கண்ணை மூடி அப்படியே சாய்ந்துவிடலாம் போல இருந்தது. அப்போது ராமாமணி ஒப்பட்டுத் தட்டோடும் நெய்க் கிண்ணத்தோடும் வந்து குனிந்தாள். அவள் முகத்தில் இப்போதுதான் களை வந்திருந்தது.

"போதுமுங்க" என்றாள் பத்மாவதி.

"அதெப்பிடிங்க சம்பந்தியம்மா? மொதமொதலா நம்மூட்டுல உக்காந்திருக்கறீங்க. பேருக்கு ஒண்ணே ஒண்ணு."

"நெசமாலுமே முடியிலீங்க. வயிறு ரொம்பிப்போச்சுங்க." இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்தாள்.

"இந்த ஒண்ணுல என்ன ஆயிரப்போவுது?" என்று சிரித்துக்கொண்டே ராமாமணி அவள் கையை அன்பாக விலக்கி ஒப்பட்டை இலையில் வைத்தாள். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் பத்மாவதி தன் வாயால் சொன்னவை. இருபத்தாறு வருஷமாக, இதே சிரிப்போடு, இதே மாதிரி கையை விலக்கிவிட்டு.

அவள் மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்களும் எங்கிட்டப் போதும்னு சொல்லியிருக்கறீங்களா?"

வேங்கடசாமி கொஞ்சம் யோசித்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"மொத ரெண்டு வருசம் சொன்னேன் அம்மணி. அப்பறம் நிறுத்திப்போட்டேன்."

ராமாமணி ஒப்பட்டின் மேல் நெய்யை ஊற்றினாள்.